சவரிமுத்து அண்ணன் பேசிய ராஜி

சவரிமுத்து அண்ணன் காலமான செய்தியை எனக்குச் சொன்னவன் என் தம்பி. "அக்கா, சங்கத்து அண்ணன் போயிட்டாருக்கா" என்றவன் போனிலேயே அழுதான். அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் முதலாளி வீட்டில் தொழிற்சங்கத் தலைவருக்காக அழுகை. அவரோடு பழகிய உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பெருமாநல்லூரில் டெய்லராக இருந்து, பிறகு சங்கத்துக்கே போய்விட்டவர். என் கணவர் இறந்து, நான் கம்பெனியைப் பார்க்க வந்த புதிதில் ஓவர்டைம் தகராறு. "ராஜி பேச வந்திருக்கேம்மா" என்று எதிரே உட்கார்ந்தார். நான் படித்தது தமிழ் இலக்கியம். வாய் சும்மா இருக்குமா? "ராஜி தமிழே இல்லீங்க. அரபுச் சொல்லு. மனசு நெறஞ்சு சம்மதிக்கறதுன்னு அர்த்தமுங்க. பாரசீகம், உருதுன்னு சுத்திக் கோர்ட்டு வழியா நம்மகிட்ட வந்துச்சு" என்று மடக்கினேன்.

மனிதர் அசரவில்லை. "நல்ல சொல்லால்ல இருக்கு. அப்போ ரெண்டு பக்கமும் மனசு நெறையணும். நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறந்துராதிய" என்றார்.

அன்று வரவழைத்த டீயை அவர் தொடவில்லை. பகையுள்ள இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கமும்தான். ஆனாலும் என் கண்ணெதிரே டீ ஆறி ஆடை கட்டியது எனக்குச் சுருக்கென்றது. திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். "பேச்சு முடியட்டும்மா. இப்பக் குடிச்சா, முதலாளி டீக்கு மயங்கிட்டான்னு எங்க ஆளுகளே சொல்லும்" என்றார்.

சில வருடம் கழித்து, லைன் சூப்பர்வைசராக இருந்த என் தம்பி, செல்வி என்ற டெய்லரைத் தையல் கோணியதற்காக எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டான். மெஷின்கள் நின்றன. சரக்கு ஏற்றும் நாளோ நெருங்கிவிட்டது. தம்பியை வேலையை விட்டு நீக்கினால்தான் உள்ளே வருவோம் என்றார்கள். அப்பா இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. வேறு வழியில்லாமல், அவனை நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க முகத்துல ராஜி இல்லியேம்மா. சரக்குக்குப் பயந்து போடுதிய. நாளைக்கு இந்தச் செல்விப் பிள்ளையை நீங்க எந்தக் கண்ணால பார்ப்பிய?"

கூட வந்தவர்கள் கொதித்தார்கள். கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்க முதலாளியிடம் என்ன வாங்கினாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செல்வியிடம் திரும்பினார். "என்ன செஞ்சா ஒனக்கு மனசு ஆறும் தாயி?"

அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. "எல்லார் முன்னாடியும் திட்டுனாருங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும். அப்பறம் எங்க லைன் பக்கமே வரக் கூடாதுங்க" என்றாள்.

தம்பி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அவனைக் கட்டிங் பக்கம் மாற்றினேன். மெஷின் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணன், "இப்ப டீ கொண்டாரச் சொல்லுங்க" என்றார். தம்பிக்கு வேலையும் மிஞ்சியது, ஆளும் திருந்தினான்.

அதற்காக அவர் என்னைத் தாங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தீபாவளிக்கே போனஸ் கேட்டு என் வாசலில் கொடி கட்டினார். "எங்க டீயைக் குடிச்ச வாயிங்களா இது?" என்றால், "டீ அன்னைக்கு, கொடி இன்னைக்கு" என்பார். என்னை இத்தனை பாடுபடுத்திய மனிதர் வேறு யாருமில்லை. நான் இத்தனை நம்பிய மனிதரும் வேறு யாருமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்த பிறகும் தம்பி நின்றிருந்தான். செல்விதான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

எதிரே இருப்பவர் முகம் தெளியாமல் எந்த ஒப்பந்தத்தையும் நான் முடிப்பதில்லை. அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது, என்னோடு இருக்கும். இனியும் சங்கத்திலிருந்து வருவார்கள், கேட்பார்கள், சண்டை போடுவார்கள். நான் பேனாவை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கத்தான் எதிரே ஆள் இல்லை.