எவ்வளவு தள்ளி நிற்பது

முதலில் அவர் பார்ப்பது கால்களை. திரையின் மேல் பாதியை பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அட்டையால் மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கால்களைப் பார்த்து முடித்த பிறகே அட்டையை எடுப்பார். வீடியோவில் வருகிறவர்களின் முகம் எப்படியும் கலங்கலாகத்தான் இருக்கும். யாரென்று தெரியக்கூடாது என்று நிறுவனமே அப்படி மாற்றி அனுப்புகிறது. "கலங்கின முகத்தப் பாத்து என்ன ஆகப்போவுது? முகத்த எல்லாரும் சரி பண்ணி வச்சுப்பாங்க. காலை யாரும் சரி பண்றதில்ல" என்கிறார், அட்டையின் ஓரத்தில் பிரிந்த ஒட்டுநாடாவை நகத்தால் அழுத்திக்கொண்டே.

ஐம்பத்திரண்டு வயது. அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவரைத் தவிர யாரும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. எல்லாரும் அவரை டோக்கன் அக்கா என்கிறார்கள். பத்தொன்பது வருடம் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டவர். அங்கே தொடுதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபோது வேலை போயிற்று. இப்போது ஓர் இயந்திரத்துக்கு மரியாதை கற்றுக்கொடுக்கும் வேலை.

வேலை இதுதான். ஒரு பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எடுத்த சிறுசிறு வீடியோக்கள் வரும். ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், நடப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். அந்தக் கூடத்தில் நாளைக்கு ஒரு ரோபோ நிற்கப்போகிறது. அது யாரிடம் போய்ப் பேசலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. டோக்கன் அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு, படத்தின் தரையில் ஓரிடத்தில் சுட்டியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ரோபோ இங்கே நிற்கட்டும் என்று அர்த்தம். பக்கத்தில் வைத்தால் பேசலாம். சுவரோரம் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். கதவுக்கு வெளியே வைத்தால், அந்த மனிதரை விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு நூற்றெண்பது புள்ளிகள். அவருடையவற்றில் பாதி கதவுக்கு வெளியேதான் கிடக்கும்.

ரோபோவின் மாதிரி ஒன்று நடைவழியில் இருக்கிறது. இடுப்பளவு உயரம், வெள்ளை உடம்பு, வட்ட முகத்தில் விளக்கு. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அக்காதான். "புது மாப்பிள்ளை மாதிரி எங்க நிக்கறதுன்னு தெரியாம நடு வீட்ல நிக்குது பாருங்க."

அவரை வேலைக்கு எடுத்த கதையை அந்தக் குழுவின் தலைவி சொன்னார். முப்பது வயதிருக்கும். வருகைப் பதிவில் ஒரு நிமிடம் பிந்தினாலும் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயர் ஹெட்மிஸ். முதல் சோதனையின்போது கூடத்தில் ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை நேராக அவர் முன்னால் போய் நின்று, முகவிளக்கைப் பிரகாசமாக்கி, "நீங்கள் வருத்தமாக இருப்பதுபோல் தெரிகிறது. நான் உதவலாமா?" என்று கணீரென்று கேட்டது. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நேர்முகத் தேர்வுக்கு வந்த எல்லாரிடமும் இதைச் சொல்லி, தவறு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். குரல் என்றார்கள், விளக்கு என்றார்கள். அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அவங்க டோக்கன் என்னாச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தாரா, டாக்டரைப் பார்த்தாரா என்று யாரும் கவனிக்கவே இல்லை. அன்றைக்கே அவரை எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிட்டார்களே தவிர, அவர் சொல்வது எடுபடுவது அபூர்வம். ஒவ்வொரு வீடியோவையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒத்துப்போகிற புள்ளிதான் நிற்கும். மூன்றாவது உதிர்ந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரரைத் தாடி என்கிறார்கள். அவருக்கு எல்லார் பக்கத்திலும் போய் நிற்க ஆசை. அக்காவைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று ஒரு வாலிபன் கைபேசியைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும் வீடியோ. தாடி அவன் முழங்கையருகே வைத்தார். அக்கா கதவுக்கு வெளியே.

"சிரிக்கிறான்க்கா! ஜாலியா இருக்கான். போய் ஒரு ஹலோ சொன்னா என்ன?"

"போனைப் பாத்தியா? அது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. கறுப்பா கிடக்கு. பக்கத்துல உக்காந்திருக்கே ஒரு அம்மா, அதுக்காகச் சிரிக்கிறான்."

தாடி கண்ணைத் திரையோடு ஒட்டிப் பார்த்தார். "அக்கா, நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும்."

"பல் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷன் மாதிரிதான்டா. உள்ள கூப்பிடற வரைக்கும் எல்லாரும் வலியே இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

தாடி தன் புள்ளியை மாற்றவில்லை. மாற்ற விதியும் இல்லை.

வெளியிலும் இந்தப் பழக்கம் அவரை விடுவதில்லை. பேருந்தில் ஏறியதும் காலி இருக்கை தேடமாட்டார். யார் பக்கத்தில் நின்றால் அந்த ஆளுக்குத் தொந்தரவு இருக்காது என்று தேடுவார். மருந்துக்கடை வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் தமக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கும்படி இடம் விடுவார். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் மகள் இருக்கிறாள். அவள் அறைவாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று அவள் குதிகாலைப் பார்த்து முடிவு செய்வார். "உள்ள வாம்மா, நான் என்ன பேஷன்ட்டா?" என்பாளாம் மகள்.

வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாதம் முன்னால் இறந்துபோனார். நோய் தெரிந்ததும் இரண்டு மாதம் வீட்டில் சொல்லவில்லை. மகளின் பரீட்சை முடிந்த அன்று மாலை, சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாராம். அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி அக்கா எதுவும் பேசுவதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் அவருக்கு ஆறவில்லை. "அப்ப நான் பல் ஆஸ்பத்திரில இருந்தேன். வர்றவன் போறவன் பயத்தையெல்லாம் பாத்தேன். வீட்ல ஒருத்தர் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறதைப் பாக்கல."

பதினோரு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அந்த வீடியோ வந்தது. அட்டை அதன் இடத்தில் இருந்தது. அட்டைக்குக் கீழே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு நடந்துவந்து, வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தது. இடது வார் கறுப்பு நூலில் தைத்திருந்தது. அன்றைக்குச் செருப்பு தைப்பவரிடம் பழுப்பு நூல் இல்லை. கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. கேஸ் சிலிண்டரை உருட்டும்போது விழுந்த காயம். பிளாஸ்திரி போட்டவர் அக்காதான். "அது நாலு நாள்தான் இருந்துச்சு. அதனால எந்த வாரம்னு எனக்குத் தெரியும்."

அன்று அவர் அட்டையை எடுக்கவில்லை. மறுநாள்தான் எடுத்தார். மேலே வழக்கம்போல் கலங்கிய முகம்.

நான்கு நிமிடம் பத்து விநாடி. கையில் ரிப்போர்ட் போட்டுத் தரும் ஒரு பிளாஸ்டிக் உறை. அதைப் பிரிப்பதில்லை. பக்கத்து நாற்காலி காலி. மூன்றாவது நிமிடத்தில் கைபேசியை எடுக்கிறார், விரலை அதன் மேல் கொண்டுபோகிறார், திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "எனக்குப் பண்ணத்தான் எடுத்தார்னு நெனச்சுக்கறேன். தப்பா இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும்." அவர் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே வீடியோ முடிந்துவிடுகிறது.

அந்தக் கூடத்தில் படம் எடுக்கும்முன் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். அக்காவை அதிகம் குடைவது அதுதான். "டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வர்றாரு. உயிரே போற சேதி கைல இருக்கு. அப்ப ஒரு பொண்ணு காகிதத்த நீட்டுது. சரிம்மான்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. எங்கிட்ட வாயத் தொறக்காத மனுஷன், ஏதோ ஒரு பொம்மைக்கு உபயோகமா இருக்கட்டும்னு போட்டுக் குடுத்திருக்காரு!" சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

விதி தெளிவானது. வீடியோவில் இருப்பவர் தெரிந்தவர் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும்; அது அடியோடு அழிக்கப்படும். சொல்லாமல் புள்ளி வைத்துவிட்டால் அது ரோபோவின் பாடத்தில் சேரும். ஆனால் அவர் திரைக்குத் திரும்ப வராது. எப்படிச் செய்தாலும் அந்த நான்கு நிமிடம் போய்விடும். அதனால் அவர் எதையும் செய்யவில்லை. தினமும் அதைத் தாண்டி மற்றதையெல்லாம் முடித்தார். பட்டியலின் உச்சியில் 'மீதம் ஒன்று' என்று நின்றுகொண்டே இருந்தது. மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு இது பரீட்சை நேரம். "இப்ப நானும் அவர மாதிரியேதான் பண்றேன், பாருங்க."

மீதம் ஒன்று ஹெட்மிஸ்ஸின் கண்ணில் பட்டது. அக்கா அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஹெட்மிஸ் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் எங்கிட்ட எதுவும் சொல்லலக்கா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இந்தத் தொகுப்ப மூடறோம். அப்ப சொல்லுங்க" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. தாடி சுருட்டிய குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். "அக்கா, வரலையா?" என்றார். "நீ போடா, ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் அக்கா. அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் ஹெட்மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

"சொல்லிடறேன்மா. இது எங்க வீட்டுக்காரரு."

"யோசிச்சுட்டீங்களாக்கா? சொல்லலைன்னா அவர் கையெழுத்துக்கு ஒரு பிரயோஜனம் இருக்கும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"யாரும் பாக்கக் கூடாதுன்னு போய்க் கடைசி நாற்காலில உக்காந்திருக்காரு. நான் பாத்ததே அதிகம். இதுக்கு மேல இன்னும் ரெண்டு பேரு பாத்துப் புள்ளி வைக்கணுமா? அந்தத் தாடிக்குப் போச்சுன்னா மாப்பிள்ளைய இவரு மடி மேலயே ஏத்திடுவான்."

ஹெட்மிஸ் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து நின்றபடியே படிவத்தைத் திறந்து காரணத்தை நிரப்பினார். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. "அதை என் மேசையிலேர்ந்துதான் பண்ணணும். அஞ்சு நிமிஷம் ஆகும்க்கா" என்று காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அக்கா வீடியோவை ஓடவிட்டார். செருப்பு வந்தது, உட்கார்ந்தது. உறை மடியில் இருந்தது. கைபேசி வெளியே வந்து திரும்பிப் போயிற்று. படம் முடிந்து, கடைசிக் காட்சி திரையில் அசையாமல் நின்றது. கீழே எப்போதும்போல் அந்தக் கேள்வி: ரோபோ எங்கே நிற்க வேண்டும்?

இனி எந்த ரோபோவுக்கும் போய்ச் சேராத புள்ளி. ஆனாலும் அவர் சுட்டியைப் பிடித்தார். அம்புக்குறி பழக்கப்படி கதவுக்கு வெளியே போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே வந்து, சுவரோரமாக ஊர்ந்து, நாற்காலி வரிசையின் காலடியைத் தாண்டி மேலே ஏறி, அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் மேல் நின்றது. அழுத்தினார்.

'டிங்' என்றது. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: இங்கே நிற்க முடியாது. தரையில் வைக்கவும்.

அவர் மறுபடியும் அதே நாற்காலியில் வைத்தார்.