ஆனி 12 என்று நான் எழுதிய கார்டு

1. பூட்டும் சாவியும்

பி.ஏ. முடித்த கையோடு நாகர்கோவிலில் ஒரு சர்க்கார் ஆபீஸில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் அஞ்சுகிராமம். தினமும் பஸ்ஸில் போய்வந்திருக்கலாம். முடியவே முடியாது என்று வீட்டில் புளுகிவிட்டு கோட்டாற்றில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் அறை எடுத்தேன்.

கீழே மிளகாய் வற்றல் மூட்டையை உதறினால் மேலே நான் தும்முவேன். வேஷ்டியை நானே துவைத்து நீலம் போட்டதில், முதல் மாதம் முழுக்க ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் ஆபீஸ் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் அடைத்திருந்தால் அவலை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். இருந்தாலும் பூட்டு என்னுடையது, சாவி என்னுடையது. எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்க ஆளில்லை. அந்தச் சாவியைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சாமான், திருநெல்வேலிக் கடை ஒன்று அப்பாவுக்கு வருடாவருடம் கொடுக்கும் நாள்காட்டி. தினம் ஒரு தாளாகக் கிழிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பதில் எனக்கு ஒரு எஜமான் தோரணை வந்துவிடும்.

2. சப்ளிமெண்டரி லிஸ்ட்

மூன்றாம் மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு கிளார்க் இடம் காலியானது. இண்டர்வியூவுக்கு ஆள் அழைக்கும் கார்டுகளை எல்லாம் ஹெட் கிளார்க் எழுதி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு திருவனந்தபுரத்திலிருந்து சப்ளிமெண்டரி லிஸ்ட் ஒன்று வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். செல்லையன், அருமனை.

செல்லையன் கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு; பிந்திப் படிக்க வந்தவன், என்னைவிட மூத்தவன். நான்கு வருடம் ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவர்கள் நாங்கள். வயது வரம்பு இருபத்தைந்து. அவனுக்கு இருபத்தைந்து முடிய இருபது நாள்தான் பாக்கி. இதை விட்டால் சர்க்கார் வேலை அவனுக்கு ஜென்மத்துக்கும் இல்லை. வேலை கிடைத்தால் என் அறையிலேயே இன்னொரு பாய் விரித்துவிடலாம் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

அன்று ஹெட் கிளார்க் லீவு. "நானே எழுதுகிறேன் சார்" என்று சூப்பிரண்டிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆர்டரில் இங்கிலீஷ் தேதிதான் இருக்கும். நாட்டுப்புறத்து ஆட்களுக்கு அது பிடிபடாது என்று, கார்டில் கொல்லம் ஆண்டு மாதத் தேதியை மட்டும் எழுதுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதற்கென்றே ஹெட் கிளார்க் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மலையாளப் பஞ்சாங்கம் தொங்கும். அதில் மிதுனம் என்று இருப்பதை நாங்கள் ஆனி என்று எழுதுவோம்.

எழுந்து நான்கு அடி நடந்தால் போதும். நான் எழவில்லை. காலையில் அறையில் ஆனி 2 தாள் மேலே இருந்தது நினைவிருந்தது. இண்டர்வியூவுக்கு இன்னும் பத்து நாள். ஆனி 12 என்று முத்து முத்தாக எழுதி, ஓரத்தில் "தவறாமல் வா" என்று ஆபீஸ் கார்டில் எழுதக்கூடாத ஒரு வரியையும் சேர்த்து அஞ்சலில் போட்டேன்.

3. மறுநாள் வந்தவன்

இண்டர்வியூ அன்று செல்லையன் வரவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்து எனக்குக் கால் ஓய்ந்தது. இப்படியும் ஒருவன் இருப்பானா என்று அவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நின்றான். சலவைச் சட்டை, தலையில் எண்ணெய் வழிந்தது. விடியுமுன்பே அருமனையிலிருந்து கிளம்பியிருக்கிறான்.

"மக்கா, நேரத்துக்கு வந்துட்டேனா? மத்தவங்க ஒருத்தரையும் காணல்லியே?"

"இண்டர்வியூ நேத்துல்லா முடிஞ்சு போச்சு! ஏம்லே வரல?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "நேத்தா? இண்ணைக்குல்லா ஆனி பன்னெண்டு! அப்பாவும் நானும் கலண்டர்ல ரெண்டு மட்டம் பாத்தோமே" என்று கார்டை எடுத்து நீட்டினான்.

கார்டை வாங்கிக்கொண்டு ஹெட் கிளார்க்கின் நாற்காலிக்குப் பின்னால் போனேன். மலையாளப் பஞ்சாங்கத்தில் அன்றுதான் பன்னிரண்டு. என் நாள்காட்டியில் பதின்மூன்று.

இளையவர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். சூரியன் ராசி மாறும் நேரம்தான் மாதப் பிறப்பு. சில மாதம் பிற்பகலில் பிறக்கும். அப்போது திருநெல்வேலிக்காரர்கள் அன்றையே முதல் தேதியாக வைப்பார்கள். மலையாளக் கணக்கில் மறுநாள்தான் முதல் தேதி. அந்த மாதம் முழுக்க இரண்டுக்கும் ஒருநாள் இடிக்கும். அஞ்சுகிராமம் எல்லையோரம், எங்கள் வீட்டில் திருநெல்வேலிக் கணக்கு. அருமனையில் மலையாளக் கணக்கு. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

செலக்‌ஷன் லிஸ்ட் இன்னும் சூப்பிரண்டு மேஜைமேல்தான் இருந்தது. மதியத் தபால் பையில்தான் திருவனந்தபுரம் போகும். நான் உள்ளே போய், "தப்பு என்னுடையது சார்" என்று கார்டைக் காட்டினால் அவனை அப்போதே கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். ஆனால் என்னைப் போலவே ப்ரொபேஷனில் இருந்த ஒருவனை, விலாசம் மாற்றி எழுதியதற்காகப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நீ இங்கயே நில்லு, நான் பேசிப் பாக்கேன்" என்று உள்ளே போனேன்.

சூப்பிரண்டு திருவனந்தபுரத்துக்காரர். நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கேண்டிடேட் இன்னைக்கு வந்திருக்கான் சார். அருமனை."

"இண்டர்வியூ இன்னலெ கழிஞ்ஞல்லோ. லேட்டானதுக்குக் காரணம் வல்லதும் பறஞ்ஞோ அவன்?"

அந்த மனிதர் காரணம் கேட்டார். அதை நான் மறக்கவில்லை. என் சட்டைப் பையில் கார்டும் இருந்தது, அறைச் சாவியும் இருந்தது. விரலுக்குச் சாவிதான் பட்டது.

"ஒண்ணும் சொல்லல சார்."

"எந்நால் போகான் பற."

போகச் சொல்லிவிட்டார். வெளியே வந்தேன். செல்லையன் சுவரில் சாயாமல், சட்டை கசங்கிவிடும் என்று நேராக நின்றுகொண்டிருந்தான்.

"முடியாதுன்னுட்டார்லே."

தன் சலவைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு, "நான்தான் தேதியத் தப்பாட்டு பாத்துட்டனா, மக்கா?" என்றான்.

"ஆமா" என்றேன்.

கார்டை அவன் திருப்பிக் கேட்கவில்லை. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், வேண்டாம் என்றான். யாரும் கண்டுபிடிக்காதபடி, ஆபீஸில் இருந்த கார்டு நகலில் 12-ஐ 11 ஆகத் திருத்தினேன். ப்ரொபேஷன் முடிந்து எனக்கு வேலை நிரந்தரமானது.

4. இரண்டு தடவை தேதி கேட்கிறவன்

செல்லையன் பீருமேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகப் போனான். வருடம் ஒரு கடிதம் போடுவான். மலைக்காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்று எழுதுவான்.

1956-ல், நம் தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்த வருடம், ஒரு சாயங்காலம் கோட்டாற்று அறைக்கு வந்தான். சட்டைக்குள் ஆளே இல்லை. உட்கார்ந்ததும், "இண்ணைக்கு தேதி என்னடே?" என்றான். சொன்னேன். காப்பி குடித்துவிட்டு மறுபடியும் கேட்டான்.

"எஸ்டேட்ல என்னைய தேதிக்காரன்னுதான் விளிப்பானுவ. யாரு என்ன சொன்னாலும் ரெண்டு மட்டம் கேட்டுருவேன். கை சுட்டவனாக்கும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கார்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பிரண்டு காரணம் கேட்டதையும் சொன்னேன்.

கார்டை வெகுநேரம் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்க அப்பா சாவுற வரைக்கும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல, கேட்டியா? தேதி பாக்கத் தெரியாதவனையா பி.ஏ. படிக்க வச்சேம்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் செத்தாரு. அவரும் எங்கூட நிண்ணுதான் கலண்டர் பாத்தாரு. அது அவருக்கே மறந்து போச்சு."

கார்டின் ஓரத்தை விரலால் தடவினான்.

"அம்மை இருக்கா. நீ ஒரு நாள் வந்து, அவன் தேதியத் தப்பாட்டு பாக்கல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"வாற ஞாயித்துக்கிழமை வாறேன்" என்றேன்.

கார்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். படி இறங்கும்போது திரும்பாமலே, "ஞாயித்துக்கிழமைன்னா எண்ணைக்கு? தேதியச் சொல்லு" என்றான். சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கார்டும் கையில் இருந்தது. தக்கலையில் வேறு பஸ் மாற வேண்டும். இறங்கி ஒரு சாயா குடித்தேன். அருமனை பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் வந்தது. நான் எதிர்ப்பக்கம் நின்ற நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டேன். செல்லையன் அதற்குப் பிறகு கடிதம் போடவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தேதியை யாரும் தப்பாக எழுதலாம். அதைக் கண்ட அன்றைக்கே உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கள், வேலை போனாலும் போகட்டும். ரிட்டயர் ஆகிப் பல வருடம் கழித்து இதை எழுதுகிறேன். கார்டு இன்னும் அந்தப் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது. அவன் அம்மாவிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.