மோர் வராத பந்தி

இந்த ஆனியில் நான் திருவனந்தபுரம் போனது மகனின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க. பையனுக்கு மதுரையில் ரயில்வே உத்தியோகம். பெண் வீடு கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில். போகிற போக்கில் அந்தத் தெரு வாசகசாலையில் அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப நாட்களைப் பற்றிப் பேசவும் ஒப்புக்கொண்டேன். சரித்திர வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

நாகர்கோவிலில் காலை ஆறு மணிக்குக் கரிவாயு பஸ். நாற்பத்திரண்டு மைல், கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் இருபத்தொரு சக்கரம். மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். பத்து மணிக்குப் பழவங்காடி வந்து, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு நடந்தேன்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவின் புதுக் கஜானா காலி. யுத்தக் கடனோ மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. எல்லாவற்றையும் மத்திய சர்க்கார் ஏற்கட்டும் என்றார் நிதி மந்திரி. கடனை முன்பே அடைத்த மாகாணங்கள் சண்டைக்கு நின்றன, கட்சி இரண்டாயிற்று. கடைசியில் எதிராளிகள் ஒரு விருந்தில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டார்கள்: கடன் பொது, பதிலுக்குத் தலைநகர் எதிர்த்த தெற்கத்தியார் பக்கம்.

ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகப் போகிறது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த சமயம். "இந்தியாவோட கடனை நாம சுமக்கணுமா?" என்று ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கம் அதன்மேல் பாய்ந்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் என் வருங்காலச் சம்பந்தி, கணக்கு ஆபீஸ் கணபதி ஐயர்.

அவர் வீட்டில் இலை போட்டார்கள். ரசம் சாதத்தில் அவர் வாயைத் திறந்தார்.

"கேட்டேளா வாத்தியார்வாள், ஆகஸ்ட் வந்தா மதுரை அன்னிய ராஜ்யம். கடன்கார ராஜ்யத்துக்குப் பொண்ணையும் அனுப்பி, சீர் வெள்ளிப் பாத்திரத்தையும் அனுப்பணுமா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு வெச்சுக்கலாம்."

எழுந்து போகவும் வழியில்லை. பந்தியில் எல்லோரும் முடிக்காமல் ஒருவர் எழுந்தால் அது எல்லோருக்கும் அவமரியாதை. மோர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது. மோர் வரவில்லை.

கல்யாணப் பெண் மீனாட்சி மறுபடி ரசம் கொண்டுவந்தாள். பிறகு அப்பளம். பிறகு மூன்றாம் முறையாக ரசம்.

"மோர் எங்கேடி?" என்றார் ஐயர்.

"அமெரிக்காவிலெ சாப்பிட்டுண்டேதானேப்பா தீர்த்துண்டா? நீங்களும் பேசி முடியுங்கோ. மோர் அப்பறம் வரும்."

வாசகசாலை ஜன்னலோரம் நின்று முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறாள். மாமனாராகப் போகிறவன் எதிரே ஒரு பெண் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. ஐயரும் பார்த்திருக்க மாட்டார். எச்சில் கை காய்ந்தும் மோர் வரவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன்: "வெள்ளி இங்கேயே இருக்கட்டும். பெண் வந்தால் போதும்."

"ஆரல்வாய்மொழி எல்லைச் சுங்கச் சௌக்கை தாண்டி ஒரு கிண்ணம் போகப்படாது."

"போகாது."

"அப்போ சரி. ஆனிக்குள்ளெ முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

மோர் வந்தது. ஊற்றும்போது மீனாட்சி கேட்டாள்: "அந்த விருந்திலெ பரிமாறினது யாரு மாமா?"

இருபது வருஷமாக அந்த விருந்தைப் பாடம் நடத்துகிறேன். இதை நான் யோசித்ததே இல்லை. தெரியவில்லை என்றேன்.

போகிறவர்களுக்கு: மூன்று மணி பஸ்ஸில் திரும்பினால் இருட்டுவதற்குள் நாகர்கோவில். குடை அவசியம். கோட்டையில் யார் வீட்டில் சாப்பிட்டாலும் அரசியலை இலை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி வராது என்று மகனுக்கு எழுதிவிட்டேன். பதிலுக்கு அவன் வீட்டுத் தலைநகர் யார் பக்கம் போய்விட்டது என்பதை அவனே போகப்போகத் தெரிந்துகொள்வான்.