பெயிண்டரும் ஊதா பம்பும்

பெயிண்டர் முப்பத்திரண்டு வருஷம் கார்களுக்கு வர்ணம் அடித்தவர். வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை மூடுவதுதான். கண்ணாடிக்குப் பழைய பேப்பர், கைப்பிடிக்கு டேப்பு, சக்கரத்துக்குப் பாலித்தீன். ரப்பரில் ஒரு பொட்டு தெறித்தால் போதும், மச்சான் தாம்தூம் என்று குதிப்பார். பட்டறை அவருடையது. பெயிண்டருடைய சம்சாரத்துக்கு அவர் அண்ணன். அத்தனையையும் மூடிவிட்டுத்தான் பெயிண்டர் ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பார். அவர் மூக்கையும் வாயையும் மூட மட்டும் அங்கே ஒரு கந்தல் துணிகூடக் கிடையாது.

"மாஸ்க்கு போட்டா வேர்க்குது மச்சான்" என்று எந்தக் காலத்திலோ இவர் வாயை விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மச்சான் கடைசிவரை வாங்கித் தரவேயில்லை.

ஐம்பத்து நாலு வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பேனட்டை அடித்து முடிப்பதற்குள் தின்னர் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். வாயில் வைத்து மருந்தை இழுக்கிற இன்ஹேலர் பம்பு இரண்டு கொடுத்தார்கள். ஊதா பம்பு காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு இழுப்பு, தினமும். நீலப் பம்பு திணறும்போது மட்டும்.

ஊதா பம்பு நல்லதுதான் செய்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தின வருஷம் நாலு தடவை மூச்சு முட்டி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். பம்பு வந்த பிறகு ஒரே தடவைதான். சம்சாரம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

கெட்டது பெயிண்டரின் தொழில் புத்தியால் வந்தது. ஒரு கோட்டு அடித்து நிறம் பிடிக்காவிட்டால் அவர் இன்னொரு கோட்டு அடிப்பார், அதுவும் சரியில்லை என்றால் மூன்றாவது. நெஞ்சையும் பேனட் என்றே நினைத்துவிட்டார். திணறினால் நீலத்தை எடுக்கவேண்டியவர் ஊதாவையே எடுத்து நாலு இழுத்தார், ஆறு இழுத்தார். இழுத்து முடித்ததும் கன்னைத் துடைக்கிற மாதிரி பம்பின் வாயைச் சுத்தமாகத் துடைத்து வைப்பார். இழுத்ததும் தன் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னது மட்டும் மறந்துபோச்சு.

அந்த வருஷம் இரண்டு தடவை நிமோனியா வந்தது. இரண்டாவது தடவை பதினோரு நாள் படுக்கை. எழுந்தபோது சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி உடம்பில் தொங்கியது.

மார்பு டாக்டரம்மா அவர் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பிறகு இன்னும் எத்தனை இழுப்பு மிச்சம் என்று பம்பின் முதுகில் காட்டும் எண்ணைப் பார்த்தாள்.

"ஐயா, இது ஒரு மாசம் வரணும். பன்னெண்டு நாள்ல இவ்ளோ காலியாகியிருக்கு. வீட்ல வேற யாராச்சும் இழுக்குறாங்களா?"

"நான்தாம்மா. ஒரு கோட்டு பத்தல."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. சம்சாரத்துக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுல ரெண்டு மருந்து இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "ஒண்ணு மூச்சுக்குழாய விரிக்கும். இன்னொண்ணு ஸ்டீராய்டு, வீக்கத்த அடக்கும். ஆனா அது உள்ள காவல் காக்குறவனையும் கொஞ்சம் தூங்க வச்சிடும். கிருமி புகுந்துடும். நீங்க அளவுக்கு மேல வேற இழுத்திருக்கீங்க."

"அப்ப நான்தான் இழுங்க இழுங்கன்னு உயிர எடுத்தேனா?" என்றாள் சம்சாரம்.

"அப்படி இல்லம்மா. இது எல்லாருக்கும் கெடுதல் இல்ல. ஆஸ்துமாக்காரங்க இத நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இவரு ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு குறைவா இருக்கு. அது குறைவா இருந்தா ஸ்டீராய்டால பெருசா லாபம் இல்ல, நிமோனியா பயம்தான் ஜாஸ்தி. ஸ்டீராய்டு இல்லாத பம்பு மாத்தித் தரேன். ஆனா பழையபடி மூச்சு முட்டாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பெயிண்டர். "ஒண்ணு மூச்சு முட்டிச் சாகணும், இல்ல காய்ச்சல்ல சாகணும். எது மெதுவா வரும்னு சொல்லுங்க, அதக் குடுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மூணாவது நிமோனியா வந்தா உங்க நெஞ்சு தாங்காதுய்யா," என்றாள்.

"அப்ப மாத்திடுங்க."

வீட்டு வாசலில் மச்சான் நின்றார். விஷயத்தைக் கேட்டார். "நீ இனிமே கன்ன தொட வேணாம் மாப்ள. வந்து டேப்பு மட்டும் ஒட்டு. உன்ன மாதிரி கண்ணாடிய மூட ஆள் கிடையாது."

"ஆமா மச்சான். மூடத் தெரிஞ்சது அது ஒண்ணுதான."

மச்சான் செருப்பைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

புதுப் பம்பு வந்த ஐந்தாம் நாள் காலையில் பெயிண்டருக்கு மூச்சுத் திணறியது. நீலப் பம்பில் இரண்டு இழுத்தும் அடங்கவில்லை. சம்சாரம் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஊதாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஒரே ஒரு தடவங்க. டாக்டருக்குத் தெரியவா போகுது?"

பெயிண்டர் கையை நீட்டி வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து ஜன்னலைத் திறந்து, பம்பை வெளியே நீட்டி அமுக்கினார். புஸ். மறுபடியும் புஸ். வேலை முடிந்தால் கன்னில் சொட்டு மிச்சம் வைக்கமாட்டார், அந்தப் பழக்கம். வெயிலில் வெள்ளைப் புகையாக வந்து வந்து கரைந்தது.

"அய்யோ, அதுல எத்தன நாள் மூச்சு இருந்துச்சு தெரியுமா!" என்று கத்தினாள் சம்சாரம்.

"எத்தன நாள் காய்ச்சல் இருந்துச்சு, அதையும் சொல்லு."

அமுக்க அமுக்க விரல் வலித்தது. எண் பூஜ்யத்துக்கு வர அரைமணி நேரம் ஆனது. நடுநடுவே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.