ஆனைமலை வரை தாங்காத சிலிண்டர் ஹெட்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உற்றார் உறவினருக்கு அவருடைய வாழ்க்கையைத் தேதிவாரியாக எழுதித் தரவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உயிரோடிருந்தபோதும் இந்த விஷயத்தில் அவர் எனக்கு ஒத்துழைத்ததில்லை.

சத்தியமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் வேறொன்று. எது சரி என்று கேட்டால், "ரெண்டையும் போட்டுக்க கண்ணு" என்பார். என் திருமணம் நடந்த ஆண்டுகூட அவருக்கு "அந்தப் பச்சைக் காரு ஹெட்டு பட்டறைக்கு வந்த வருசம்"தான்.

தந்தையை இளம் வயதில் இழந்து, கோவைக்கு வந்து உலோகம் வார்க்கும் பவுண்டரியில் சேர்ந்தார். தங்கையான எனக்குத் திருமணம் முடித்த பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். என் திருமணத்துக்கு முன்பே உக்கடத்தில் செல்வராசு என்ற கூட்டாளியுடன் பட்டறை தொடங்கி, பழைய கார்களின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டுகளைச் சரிசெய்து வந்தார். இன்ஜினுக்கு மேல் மூடிபோல உட்காரும் பாகம் அது. அதற்குள் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் வழிகள் உண்டு. தண்ணீர் உப்பாக இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். பிறகு இன்ஜின் சூடேறிக் கொதிக்கும்.

வருகிறவர்களிடம் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதானுங்க."

"அதை நீங்க குடிப்பீங்களா?"

"அய்யோ, வாயில வைக்க முடியாதுங்க."

"பொறகு காரு மட்டும் குடிக்கோணுமா?"

ஊருக்கெல்லாம் இப்படிச் சொன்னவர் வீட்டில் நடந்தது வேறு. அண்ணியின் பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய கார் அவர்களிடம் இருந்தது. உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் அண்ணி குடம் குடமாகப் பிடித்து மூடி வைப்பார். அதில் ஒரு சொம்பு கேட்டால், "குடிக்கற தண்ணியக் காருக்கு ஊத்தறதா? நல்லாருக்குதுங்க உங்க நாயம்!" என்பார். சண்டைக்கு அஞ்சி அண்ணன் தம் கையாலேயே உப்புத் தண்ணீரை ஊற்றி வந்தார். கெடும் என்று தெரிந்தே ஊற்றினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அண்ணனுக்கு இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தபோது, பிறந்த வீட்டுக் காரிலேயே இருவரும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வருவதாக அண்ணி வேண்டிக்கொண்டார். புறப்படும் ஒவ்வொரு முறையும் கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் கார் கொதித்து நின்றது.

"ஏனுங்க, பஸ்ஸுல போயிருந்தா இந்நேரம் சாமி கும்பிட்டு ஊட்டுக்கே வந்திருக்கலாமுங்க."

"கொஞ்சம் பொறு புள்ள, ஆறட்டும்."

அந்தக் காருக்கு மாற்று ஹெட் எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் அதைக் கழற்றி, அரித்த இடங்களைச் சுரண்டி, ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பினார். துவாரங்களை அடைத்து, உள்ளே காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தால் எங்காவது குமிழி வரும். அதை அடைத்தால் பக்கத்துப் பழைய உலோகம் விரிசல் விடும். மீண்டும் சுரண்டல், மீண்டும் வெல்டிங்.

"அண்ணா, இந்த ஹெட்டுல அலுமினியத்தைவிட நம்ம வெல்டிங்தான் சாஸ்தியா இருக்குதுங்க" என்று செல்வராசு கேலி செய்வார்.

டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். வாடகைக் காரில் போய்விட்டு வாருங்கள் என்று நானும் மன்றாடினேன். "வேண்டுனது அந்தக் காருல வர்றதுக்காச்சே, கண்ணு" என்றார். கெட்டதற்குக் காரணம் தண்ணீர் என்று அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "அவ மனசு சங்கடப்படும். பழைய இரும்பு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அலுமினியத்தை இரும்பு என்று அவர் சொன்னது அந்த ஒரு முறைதான்.

மாசி மாதத்தில் ஒரு மாலை. தொட்டியில் ஒரே ஒரு குமிழிதான் வந்ததாம். நாளைக்கு முடித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்தவருக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

தண்ணீர் விவகாரத்தை இங்கே எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுது அம்மணி. பட்டறையில அவர் எல்லாருத்தையும் என்ன தண்ணின்னு கேக்கறது என் காதுலயும் உழுந்துதான் இருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு கொடம் குடுத்திருக்க மாட்டனா?" என்றார். இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

அவசரத்துக்கு வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டாருக்கும், பதினாறாம் நாள் வரை உடனிருந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. ஹெட்டை முடித்துத் தருகிறேன் என்று கேட்டு வந்த செல்வராசுவுக்குத் தனி நன்றி. "அவரில்லாம அந்தக் காருல நான் மட்டும் போயி என்ன பண்றதுங்க, தம்பி" என்று அண்ணி மறுத்துவிட்டார்.

சென்ற வாரம் அண்ணியும் நானும் பஸ்ஸில் ஆனைமலைக்குப் போனோம். வழியில் எங்கும் தாமதமில்லை. சன்னதியில் அண்ணி நெடுநேரம் கைகூப்பி நின்றார். வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்த வேண்டறது, அம்மணி. காரு நிக்காம வந்து சேரோணும்னே வேண்டி வேண்டிப் பழகிப்போச்சு. வேற ஒண்ணும் வாயில வரலை."