தீர்த்த வாளிக்குள் வந்த மண்

பெரியவர் ஒருவர் கண்ணீர் வழிய, மண் கலந்த ஒரு வாளித் தண்ணீரில் துணியைத் தோய்த்துத் தோய்த்துக் காரைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது, "போதும், நிறுத்துங்கள்" என்று எந்தச் சொல்லால் சொல்வது? அண்ணர் எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

நினைவு மலரில் இப்படித் தொடங்குவது முறைதானா என்பதும் தெரியவில்லை. பிறந்த ஊரையும் பெற்றோரையும் சொல்லித் தொடங்குவதே வழக்கம். அவ்வாறே எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பேனை அந்த வாளியடியிலேயே போய் நின்றது. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் அண்ணர் மானிப்பாய்க்கு அடுத்த சிற்றூர் ஒன்றில், புகையிலைத் தோட்டம் செய்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா காலமானபோது அண்ணர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நான் அம்மாவின் மடியில் இருந்தேன். அண்ணர் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, கொடிகாமத்திலிருந்து தேங்காயும் மரக்கறியும் ஏற்றிவரும் லொறி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார். லொறி கழுவுவதே தமது முதல் உத்தியோகம் என்பதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை. என்னை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பியவரும் எனக்குக் கலியாணம் செய்து வைத்தவரும் அவரே.

பின்பு லொறி ஓட்டினார். அதன்பின் கோட்டில் வழக்குப் பார்க்கும் பிரக்கிராசியார் ஒருவர் விற்ற பழைய கறுப்புக் காரை வாங்கி வாடகைக்கு ஓடினார். நேரம் காலம் பாராமல் நோயாளிகளை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிச் செல்வார். என் மகள் பிறப்பதற்கு நானும் அந்தக் காரில்தான் போனேன். நோவுக்குள்ளும் எனக்கு வேறொரு கவலை. "அண்ணை, சீற்று ஊத்தையாப் போகப்போகுது" என்று அழுதேன். "சீற்றைக் கழுவலாம். நீ பேசாமல் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்றார்.

அந்தக் காரின் கறுப்பைப் பற்றி வலிகாமத்தில் பலர் கதைத்திருக்கிறார்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏறிப்போக அந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். கதவின் முன் நின்று தலைப்பாகையைச் சரிசெய்த மாப்பிள்ளைமாரை நானே கண்டிருக்கிறேன். பிரக்கிராசியார் வீட்டிலிருந்து வந்தபோது அதற்கு அவ்வளவு மினுக்கம் இருக்கவில்லை. அது அண்ணர் கழுவிய கழுவல்.

அவர் இரண்டு வாளி வைத்திருந்தார். ஒன்றில் நுரைக்கும் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் கூரையிலிருந்து தண்ணீரை வார்த்துப் புழுதியை இறக்குவார். பிறகுதான் துணி. ஒரு கதவைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டே மறுபடி சவர்க்கார வாளிக்குள் விடுவார். அலசும் வாளியில் நிறம் மாறினால் உடனே ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர். சில்லும், சில்லின் மேல் சேறு தடுக்கும் மட்காட்டும் எல்லாவற்றுக்கும் கடைசி. அவற்றுக்கு வேறு துணி. றோட்டு மண் துணியில் ஏறினால் அது கறுப்பின்மேல் அரம் போலக் கீறும் என்பது அவருடைய பயம்.

இப்படியிருக்க ஒருநாள் அண்ணியின் அரிக்கன் சட்டி காணாமற் போயிற்று. அரிசியைக் களைந்து கல்லை நீக்க உள்ளே வரிவரியாகக் கீறிச் செய்த அந்த மண்சட்டியை எங்கள் வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். தேடிப் போனபோது அது அண்ணரின் அலசும் வாளிக்கு அடியில் கிடந்தது. துணியை அதன் வரிகளில் தேய்த்தால் மண் வரிக்குள் இறங்கிவிடும், மீண்டும் மேலே கிளம்பாது என்று கண்டுபிடித்திருந்தார்.

"நான் அரிசி அரிக்கிற சட்டியிலை நீங்கள் றோட்டை அரிக்கிறியளோ?" என்று அண்ணி கிணற்றடியில் நின்று கேட்டார்.

"கல்லு எங்கை கிடந்தாலும் கல்லுத்தானே. சோத்திலை கிடந்தால் என்ரை பல்லுக்குக் கூடாது. துடைக்கிற சீலையிலை கிடந்தால் உவள்ரை முகத்துக்குக் கூடாது" என்று அண்ணர் காரைக் காட்டினார்.

"உவளோ? அப்ப உவளையே சமைக்கச் சொல்லுங்கோ."

அன்று அண்ணருக்குச் சோறு சற்றுப் பிந்தித்தான் கிடைத்தது. சட்டி திரும்பி வரவில்லை. விளிம்பு உடைந்த அந்தச் சட்டி வாளிக்கே சொந்தமாயிற்று; அண்ணிக்குச் சந்தையில் புதிதொன்று வாங்கிக் கொடுத்தார்.

என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. மகளைக் குளிக்க வார்க்கும்போது முகத்துக்கு ஒரு தண்ணீர், உடம்புக்கு வேறு தண்ணீர் என்று நான் பயந்து பயந்து மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உன்ரை காருக்கும் மட்காட் கடைசியிலைதான், மறந்திடாதை" என்பார்.

உலக யுத்தம் தொடங்கிப் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் ஓட்டம் குறைந்தது. கலியாண ஓட்டமே குடும்பத்தைத் தாங்கியது. அந்த நாளில்தான் அண்ணருக்கு நெருப்புக்காய்ச்சல் என்னும் தொற்றுக் காய்ச்சல் கண்டது. கைக்குழந்தைக்காரி என்று என்னைக் கிட்ட விடவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். கண் திறந்தவர், "காரிலை புழுதி படிஞ்சிருக்கும். வறட்டுத் துணியாலை ஒருத்தரையும் துடைக்க விடாதை" என்றார். ஓம் என்றேன். அதன்பின் அவர் என்னோடு கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போனவர்கள் அண்ணரின் காரிலேயே போனார்கள். அண்ணியின் தம்பி ஓட்டினார். நான் சமையலுக்கு நின்றேன். அவர்கள் திரும்பி வந்தபோது சில்லும் மட்காட்டும் கடற்கரை மணலாக இருந்தன. எங்கள் தந்தையாரின் தம்பியாகிய குஞ்சியப்பு, கேணியிலிருந்து தீர்த்தம் நிறைத்த ஒரு வாளியைத் தம் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சாவுத் தீட்டு நீங்க வீட்டுக்குத் தெளித்தபின் மிகுதி வாளியை முற்றத்தில் வைத்தார்.

"வீட்டுக்குத் துடக்குக் கழிஞ்சுது. அவன்ரை காருக்கும் கழியவேணும். அதுவும் அவன்ரை பிள்ளைதானே" என்றார். கண்ணீர் வழிய, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார்.

முதலில் சில்லைத்தான் கழுவினார். பெரியோரை வணங்குபவர்கள் காலைத் தொட்டல்லவா தொடங்குவார்கள்? அவரும் காரின் காலைத் தொட்டே தொடங்கினார். சில்லிலிருந்து மட்காட், மட்காட்டிலிருந்து கதவு, கதவிலிருந்து கூரை. ஒரே துணி, ஒரே வாளி. அவரைக் கண்டு மற்றவர்களும் ஆளுக்கொரு துணியோடு வந்தார்கள். அத்தனை துணியும் அந்த ஒரு வாளிக்குள்ளேயே போய் வந்தன. தீர்த்தத்தை எவர்தான் ஊற்றுவார்? கலங்கக் கலங்க அதிலேயே தோய்த்தார்கள்.

அண்ணி உள் அறையில் இருந்தார், இவற்றைக் காணவில்லை. நான் சமையல் நடந்த குசினி வாசலில் நின்றேன். ஓர் இடுப்பில் மகள். மறுகையில் விளிம்பு உடைந்த அந்த அரிக்கன் சட்டி. கிணற்றடியில் அரிசிச் சட்டி கிடக்கிறதென்று யாரோ எடுத்துவந்து என் கையில் தந்திருந்தார்கள்.

"குஞ்சியப்பு, உந்தத் தண்ணியை ஒருக்கா மாத்துவமோ? நான் கிணத்திலை அள்ளித் தாறன்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? தீர்த்தத்தை ஊத்தச் சொல்லுறியோ?"

"இல்லை, உதுக்குள்ளை மண் கிடக்கு..."

"கிடந்தால் என்ன? கீரிமலை மண்தானே. புண்ணிய மண்."

பக்கத்தில் நின்ற மாமி ஒருவர், "இங்கிலீசு படிச்ச பிள்ளை, வாளிக்கும் பாடம் எடுக்குது" என்றார். அழுதுகொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வீட்டில் அத்தனை நாளுக்குப் பின் கேட்ட முதற் சிரிப்பு அது. எனக்கு முகம் எரிந்தது. உள்ளே போய்ச் சட்டியை அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். சட்டியைக் காட்டி விளக்கியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த அழுகையின் நடுவே சட்டியைத் தூக்கிக் காட்டுவது எப்படியிருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

சில வாரங்களின்பின் அரியாலையிலிருந்து ஒருவர் மகனின் கலியாணத்துக்குக் காரைப் பார்க்க வந்தார். வெயிலில் நின்று கதவைச் சரிந்து பார்த்தார். கறுப்பு முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கீறல்கள்.

"முந்தி உந்தக் கதவிலை முகம் பாக்கலாம். பாவம், கடைசிக் காலத்திலை அவருக்கும் கை விட்டுப் போச்சாக்கும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வேறு கார் பிடிப்பதாகச் சொல்லிப் போனார்.

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். பிறகு என்னிடம், "காரைக்கூடப் பாக்க ஏலாத அளவுக்கு அவருக்கு முந்தியே உடம்பு வருத்தம் இருந்திருக்கு. எனக்கு ஒளிச்சுப்போட்டார். நானும் கவனியாமல் விட்டிட்டன் மச்சாள்" என்றார்.

காய்ச்சல் பிடிக்கும்வரை அண்ணர் அந்தக் காரை ஒருநாளும் கைவிட்டதில்லை. அவர் எதையும் ஒளிக்கவுமில்லை. அண்ணியும் எதையும் கவனியாமல் விடவில்லை. இதை அன்றே சொல்ல வாய் எடுத்தேன். அண்ணி அப்போது சுளகில் புடைத்துக்கொண்டிருந்தது குஞ்சியப்பு அனுப்பிய நெல். அவர் நெல்லை உண்டுகொண்டு அவர் கையைக் குற்றம் சொல்வது எப்படி? அந்த வெட்கம் என்னை விடவில்லை. ஊரிலும் "கடைசியிலை கை விட்டிட்டார்" என்ற பேச்சு இப்போது பழகிவிட்டது. ஆகவே அண்ணரின் நினைவு மலரில் இந்த ஒன்றைத்தான் நான் எழுத வேண்டும்: அந்தக் கீறல்கள் அண்ணருடையவை அல்ல.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கப் பயமாயிருந்தது. மகளையும் தூக்கிக்கொண்டு குஞ்சியப்பு வீட்டுக்குப் போய் அவருக்கே முதலில் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னுடன் நடந்து வந்தார். காரின் கதவில் பெருவிரலை வைத்து வட்டமாக இழுத்துப் பார்த்தார். கீறல்கள் அந்த விரலின் போக்கிலேயே இருந்தன.

"உது என்ரை கையோ?"

"எல்லாற்றை கையும்தான், குஞ்சியப்பு."

"எல்லாருக்கும் முதல் என்ரை கை" என்றவர், உள்ளே போய் அண்ணியிடம் தாமே சொன்னார். அண்ணி அழுதார். ஆனால் இது மனப்பாரம் இறங்கிய அழுகை. குஞ்சியப்பு வெளியே வந்து, "அச்சடி. என்ரை பேரையும் போடு" என்றார். பேரைப் போட எனக்கு மனம் வரவில்லை; உறவு மட்டும் போட்டிருக்கிறேன்.

போகும்போது வாசற் படலையில் நின்று திரும்பினார். "எல்லாம் சரி. ஆனால் திவசம் முடிஞ்சு நான் கீரிமலைக்குப் போறன். இந்த முறையும் அவன்ரை காருக்குத் தீர்த்தம் கொண்டு வருவன். இரண்டு வாளி வைக்கிறன், உன்ரை சட்டியையும் வைக்கிறன். கலங்கின தீர்த்தத்தை எங்கை ஊத்துறது? அதையும் உந்தப் படிச்ச ஆக்களிட்டைக் கேட்டு எழுது."

நிறைவாக, அண்ணரின் நோய்ப் படுக்கையருகே மாறி மாறி இருந்தவர்களுக்கும், இளநீர் கொண்டுவந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமையலில் தோள் கொடுத்தவர்களுக்கும், அந்தியேட்டியன்று துணியோடு வந்து காரைக் கழுவிய ஒவ்வொரு கைக்கும் அண்ணியும் பிள்ளைகளும் நானும் தலை தாழ்த்தி நன்றி கூறுகிறோம். இந்தக் கடைசி நன்றியைக் குத்தலாக எவரும் எடுக்க வேண்டாம். அவருடைய காரை நீங்கள் கழுவியபோது அவரையே குளிப்பாட்டுவதாக நினைத்துத்தான் கழுவினீர்கள். அது எனக்குத் தெரியும்.

காருக்குப் பூசும் கறுப்பு மை கொழும்பிலும் கிடைக்கவில்லை என்கிறார்கள். கீறலை நீக்க வழி தெரிந்தவர்கள் அண்ணியின் தம்பியிடம் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது குஞ்சியப்புவின் கேள்விக்கு விடை. வேப்பமரத்தடி என்று நினைத்தேன். அங்கே கோழிகள் கிளறும். கிணற்றடி என்று நினைத்தேன்; எல்லோரும் கால் கழுவும் இடம். செவ்வரத்தையடி என்றால், பூ சாமிக்குப் போவது. றோட்டு மண்ணை அதற்கு வார்க்கலாமா? திவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போகுமுன் குசினி வாசலுக்கு வாருங்கள். அந்த வாளியைக் கவிழ்க்க எனக்கு ஓர் இடம் சொல்லிவிட்டுப் போங்கள்.