காமிராவுல எல்லாம் இருக்கு

எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும். அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளுதான் நான். போடியில ஏலக்காய் யாவாரம், போடிமெட்டுக்கு மேல கொஞ்சம் தோட்டம், போன வருசம் வாங்குன கரண்டு காரு. ஒரு மனுசனுக்குத் தலை கனக்க இது போதாதா?

காரு வாங்குன மறுமாசமே முன் கண்ணாடியில ஒரு காமிரா மாட்டணும்னு முடிவு பண்ணிட்டேன். காரணம் ஜீப்புக்காரங்க. விடிஞ்சும் விடியாம தோட்டத்து ஆளுகளை அடைச்சு ஏத்திக்கிட்டு மலையேறுற ஜீப்பைப் பாத்தாலே எனக்கு ஆகாது. என்னைக்காவது ஒருத்தன் வந்து இடிப்பான், இடிச்சுட்டு நான் இல்லேம்பான், அன்னைக்கு என் கையில சாட்சி இருக்கணும். இதான் என் நினைப்பு. நான் ஒருத்தர் மேல இடிப்பேன்னு ஒரு நிமிசம்கூடத் தோணலை.

பத்து நாளு போனும் கையுமா உக்காந்திருந்தேன். முன்னாடி மட்டும் பாக்குறது வாங்குறதா, பின்னாடியும் சேத்தா? வெயில்ல நின்ன காருக்குள்ள அந்தச் சூட்டைத் தாங்குமா? மழையில நம்பர் பிளேட்டு தெரியுமா? "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இம்புட்டு யோசிக்கலை" என்றாள் என் வீட்டுக்காரி.

தேனியில ஒரு கடையில மாட்டுனோம். "பெரிய பேட்டரி வயர்ல கையை வச்சுராதப்பா, வாரண்டி போயிரும்" என்று பக்கத்துலயே நின்னு உசுரை வாங்குனேன். கடைக்காரருக்குப் பொறுமை ஜாஸ்தி. "அந்தப் பக்கமே போக மாட்டேண்ணே. லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அதோட ஃபியூசுலருந்து எடுத்துக்கிருவேன்" என்று சொல்லிட்டு, கதவோரத்துப் பிளாஸ்டிக்கை நெம்பி, வயரு வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே கொண்டுபோயிட்டார். சட்டுன்னு பிரேக் அடிச்சா அந்த மூணு நிமிசத்தை மட்டும் அழிக்காமத் தனியா எடுத்து வச்சுக்கிருமாம். கடைசியா ஒண்ணு கேட்டார். "சவுண்டும் பதியணுமாண்ணே? நெறையப் பேரு வேணாம்பாங்க. உள்ள பேசுறதெல்லாம் விழுகும்."

"நாம என்ன தப்பாவா பேசுறோம்? எல்லாம் இருக்கட்டும்" என்றேன்.

அது நடந்தது ஒரு மழை நாளுக்கு மறுநாள் காலையில. தோட்டத்துல ராத்தங்கிட்டு நானும் வீட்டுக்காரியும் இறங்கிக்கிட்டு இருந்தோம். கரண்டு காரு வச்சிருக்கவங்களுக்கு இந்த மலையில ஒரு பைத்தியம் உண்டு. இறக்கத்துல ஆக்சிலேட்டருலருந்து காலை எடுத்தாப் போதும், காரு தன்னால மெதுவாகி பேட்டரியில சார்ஜ் ஏறும். பிரேக்கையே தொடாம அடிவாரம் முந்தல் வரைக்கும் வந்து, சார்ஜ் எத்தனை பாயிண்டு ஏறுச்சுன்னு மார் தட்டிக்கிறது. நானும் அன்னைக்கு ரோட்டைப் பாத்ததை விட அந்த நம்பரைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவுல மண்ணு சரிஞ்சு பாதி ரோடுதான் மிச்சம். கீழருந்து ஒரு ஜீப்பு ஏறி வந்துச்சு. ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி நின்னு வழி விடணும். மலையில பொறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச விசயம். நான் நிக்கலை. கடைசி நொடியிலதான் பிரேக்கை மிதிச்சேன். ஜீப்பு என் காருக்கு ஒதுங்கி, மலையோரத்து ஓடையில ஒரு சக்கரத்தை இறக்கிப் பாறையில முட்டி நின்னுச்சு. என் காருல ஒரு கீறல்கூட இல்லை. ஜீப்புக்குள்ள இருந்த பத்துப் பொம்பளைகள்ல ஒரு அம்மாவுக்குக் கை மணிக்கட்டு பிசகி வீங்கிருச்சு.

இறங்கி நான்தான் முதல்ல கத்துனேன். டிரைவருக்கு என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கம்மி இருக்கும். ராசிங்காபுரத்து ஆளு. டா போட்டுத்தான் பேசுனேன்.

"ஹாரன் அடிச்சு வரணும்னு தெரியாதாடா? ஆளுகளை ஏத்திருக்கியா, ஆட்டை ஏத்திருக்கியா?"

"அடிச்சேண்ணே. ரெண்டு தடவை அடிச்சேன். உங்க வண்டிதான் சத்தமே இல்லாம..."

"எனக்கென்ன காது செவிடா? அந்தா பாரு, காமிரா. காமிராவுல எல்லாம் இருக்கு. போட்டுக் காட்டவா, பத்துப் பேரு முன்னால?"

அவர் கண்ணாடிக்குப் பின்னால இருந்த அந்தக் கறுப்பு டப்பாவைப் பாத்தார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார். என் வீட்டுக்காரி காரை விட்டு இறங்கி, அந்த அம்மா கையில தன் சேலைத் தலைப்பைத் தண்ணியில நனைச்சுச் சுத்திக்கிட்டு இருந்தா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அதோட விட்டனா? அந்த ஜீப்பு ஆளு ஏத்திப் போற தோட்டத்து மேனேஜர் எனக்குப் பழக்கம். போனைப் போட்டேன். "ஹாரன் அடிக்காம வர்றான், என்னைக்காவது கொன்னுருவான், என்கிட்ட காமிராவுல இருக்கு" என்றேன். காட்டுங்கன்னு மேனேஜரும் கேக்கலை. மறுநாளே அந்த டிரைவரை நிப்பாட்டிட்டு வேற ஜீப்பை வச்சுட்டாங்க. ஏலக்கா எடுப்பு நடக்குற நேரம். அந்த ஓட்டம்தான் அவருக்குச் சோறு.

ஒரு வாரம் யாவாரிங்ககிட்ட எல்லாம் இந்தக் கதையை அளந்துக்கிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் "எங்க, காட்டுங்க" என்றதும்தான் அந்த வீடியோவை எடுத்துப் போனுல ஏத்தலாம்னு வீட்டுல உக்காந்தேன். அதுவரைக்கும் நான் அதைப் பாக்கவே இல்லைங்க. எனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கப் போகுதுன்னு ஒரு திமிரு.

போட்டேன். ரோடு வந்துச்சு, ஈர மண்ணு வந்துச்சு. தூரத்துல ஒரு ஹாரன். நல்லாத் தெளிவா. பிறகு என் வீட்டுக்காரி குரலு: "ஜீப்பு ஏறி வருது, நின்னு விடுங்க." இன்னொரு ஹாரன், இன்னும் பக்கத்துல. அதுக்கு மேல என் குரலு: "அடிக்கட்டும். அவன் ஒதுங்குவான். பிரேக்கைத் தொட்டா பாயிண்டு போயிரும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கேட்டிருக்கேன். ரெண்டு ஹாரனும் காதுல விழுந்து, அதுக்குப் பதிலும் சொல்லிருக்கேன். அப்புறம் எப்படி நடுரோட்டுல நின்னு அப்படிக் கத்துனேன்? பொய் சொல்றோம்னு தெரிஞ்சு சொல்லலை. கோவம் வந்ததும் நான் சொல்றதெல்லாம் எனக்கே உண்மையாயிரும். இது அன்னைக்கு மட்டும் வந்த வியாதியான்னு நெனைச்சப்பத்தான் இன்னும் கேவலமா இருந்துச்சு.

"உனக்குத் தெரியும்ல? அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்று வீட்டுக்காரி மேல பாஞ்சேன். அப்பவும் பாய்ச்சல்தான் பாருங்க.

"வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். வாயை மூடுடின்னீங்க. உங்களுக்கு அந்த டப்பா சொன்னாத்தான் ஏறும்" என்றாள்.

மேனேஜருக்குப் போன் பண்ணி, தப்பு என்னோடதுன்னேன். "விடுங்கண்ணே, வேற ஜீப்பு போட்டாச்சு, இதுக்குப் போயி" என்று சிரிச்சார். நான் பொய்யா ஒரு வார்த்தை சொன்னப்ப உடனே நம்புன மனுசன், உண்மையைச் சொன்னா காதுல வாங்க மாட்டேங்குறார். மறுநாள் மேல போயி அந்தத் தோட்டத்து ஆபீசுல மதியம் வரைக்கும் உக்காந்து, ஜீப்பு டிரைவருக்கே அந்த ஓட்டத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். அப்பக்கூட வீடியோவைப் போடலை. என் குரலை இன்னொருத்தர் கேக்க வேணாம்னு போனைப் பையிலயே வச்சுக்கிட்டேன்.

சோலி முடிஞ்சுச்சுன்னு வீட்டுக்கு வந்தா, வீட்டுக்காரி விடலை. "பத்துப் பேரு முன்னால வச்சுத்தானே கத்துனீங்க? அந்தப் பத்துப் பேரு முன்னால போய்ச் சொல்லுங்க."

விடியக் காலையில ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். பொம்பளைகள் தூக்குச்சட்டியோட ஏறிக்கிட்டு இருந்தாங்க. கை பிசகின அம்மா அன்னைக்கும் வரலை. டிரைவர் என்னையப் பாத்ததும் பீடியைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சார். இன்னும் என்ன பஞ்சாயத்தோன்னு பயந்துட்டார்.

"அண்ணே, நான் பாத்துத்தான் வர்றேண்ணே இப்பல்லாம்" என்றார் முந்திக்கிட்டு.

போனை எடுத்துச் சத்தத்தை முழுசா வச்சுப் போட்டுட்டேன். ஜீப்புக்குள்ள இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க. முதல் ஹாரன் கேட்டதும் அவர் குனிஞ்சு காதைப் பக்கத்துல கொண்டுவந்தார். ரெண்டாவதும் கேட்டுச்சு. அப்புறம் என் குரலு. பாயிண்டு போயிரும். நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். திட்டுவார்னு காத்திருந்தேன். திட்டுனா நல்லா இருக்கும்னுகூட இருந்துச்சு.

"அப்ப அடிச்சுத்தான் இருக்கேன்" என்றார் மெதுவா. "காமிராவுல இருக்குன்னு சொன்னீங்களாண்ணே... சரி, நாமதான் அடிக்காம அடிச்சோம்னு நெனைச்சுக்கிட்டோம்னு இருந்துட்டேன். என்னாலதான் அந்த அம்மாவுக்குக் கை போச்சுன்னு அவுக வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

மன்னிச்சுருங்கன்னு சொன்னேன். அவர் காதுல அது விழுந்ததா தெரியலை.

"இன்னொருக்கா போடுங்கண்ணே. அந்த ஹாரனை மட்டும்" என்றார்.

ஹாரனை மட்டும் தனியாப் போட எனக்குத் தெரியலை. முதல்லருந்து போட்டேன். ஜீப்புக்குள்ள இருந்த அத்தனை பேரும் என் குரலையும் சேத்து இன்னொரு தடவை கேட்டாங்க.